பத்துக்குப் பத்து

பதினாலாம் நம்பர் ரூம் இதுதான் அக்கா, உட்காருங்க. கதவு சாத்தியிருக்கே என்று பார்க்காதீங்க. வெளிச் சத்தம் உள்ளே போகக் கூடாதாம், எப்போதும் சாத்தியேதான் இருக்கும். காதில் பெரிய ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்வாங்களாம். ஒரு ஆளுக்கு அரைமணி நேரம். இப்போது ஒருத்தர் உள்ளே இருக்கார், அடுத்து நாங்கள்தான். உங்களுக்கு யாருக்கு, மாமனாருக்கா? அவரை ஃபேனுக்குக் கீழே உட்கார வைங்க, இந்தப் பக்கம் வெயில் அடிக்கும்.

இது என் பிள்ளை இல்லைங்க. இலக்கியா, எங்கள் ஊர்ப் பிள்ளை. இரண்டாம் வகுப்பு. நான் அவளுடைய டீச்சர். டீச்சர் என்றால் கவர்ன்மென்ட் டீச்சர் இல்லை. பிளஸ் டூ முடித்துவிட்டுத் தபாலில் ஒரு டிகிரி, அவ்வளவுதான். சின்ன டீச்சர் பிரசவ லீவில் போனபோது, "சுகந்தி, நீ வீட்ல சும்மாதானே இருக்க, வந்து சின்னப் பிள்ளைங்களப் பாத்துக்க" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் ஹெலன் டீச்சர் கூப்பிட்டாங்க. சும்மாதானே! இரண்டு மாடு, ஒரு மாமியார், ஒரு புருஷன், ஒரு மகன். அதற்குப் பெயர் சும்மா. ஆனாலும் போனேன். சின்ன டீச்சர் அப்படியே வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிப் போயிட்டாங்க. நான் தங்கிட்டேன்.

இவள் அம்மா பூங்கோதை கீழே காப்பீட்டு அட்டை கவுண்டரில் நிற்கிறாள். முந்திரிக்கொட்டை உடைக்கிறவள் அக்கா. கொட்டையின் பால் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் வெந்து வழுவழு என்று ஆகிப்போச்சு. மெஷினில் வைத்தால் ரேகை விழமாட்டேங்குது. "வேற விரல் வைம்மா, வேற விரல் வைம்மா" என்று கவுண்டர் பையன் சொல்லிக்கொண்டே இருக்கான். இப்போதைக்கு வரமாட்டாள்.

எப்படித் தெரிஞ்சுதா? அதைக் கேளுங்க. எங்கள் ஊரே அதைத்தான் பேசுது.

ஆடி மாதம் பள்ளிக்கூடத்துக்குப் பெரிய டிவி வந்தது. சுவரில் பாதி இருக்கும். பாட்டு, கதை, எழுத்து, எல்லாம் அதிலேயே வரும், விரலால் தொட்டால் நகரும். வந்த முதல் வாரம் பிள்ளைகள் ஒன்றுக்குப் போகக்கூட எழுந்திருக்கவில்லை. ஒரு நாள் யானைப் பாட்டு போட்டிருக்கேன். யானை தும்பிக்கையை ஆட்டினால் இவர்களும் ஆட்டவேண்டும், அது குளித்தால் இவர்களும் குளிக்கவேண்டும். பாதியில் சத்தம் நின்றுபோச்சு. ஸ்பீக்கர் வயரை எலி கடித்துவிட்டது, அது அப்புறம்தான் தெரிந்தது. இருபத்தோரு பிள்ளைகளும் "டீச்சர், சத்தம் வரல! டீச்சர், பாட்டு போச்சு!" என்று ஒரே கூச்சல். என் மகன் கவின் எழுந்துபோய் ஸ்பீக்கரைக் குத்துகிறான்.

இவள் மட்டும் முன்வரிசையில் தும்பிக்கை ஆட்டிக்கொண்டு இருக்காள் அக்கா. சிரிப்பு மாறாமல். யானை குளிக்குது, இவளும் குளிக்கிறாள். பாட்டு நின்றதே இவளுக்குத் தெரியவில்லை.

எனக்குச் சந்தேகம் வந்தது. பின்னால் போய் நின்று, "இலக்கியா, மிட்டாய் தரேன் வா" என்றேன். ஒன்றுமில்லை. ஹெலன் டீச்சர் வந்து சத்துணவுத் தட்டைக் கரண்டியால் ஓங்கித் தட்டினாங்க. மற்றப் பிள்ளைகள் காதைப் பொத்துகிறார்கள், இவள் மெதுவாகத் திரும்பினாள், அதுவும் வேறு பக்கம். டீச்சர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துட்டாங்க. "இவ்வளவு நாள் வாயப் பாத்தே சமாளிச்சிருக்கு சுகந்தி இந்தப் புள்ள" என்றாங்க.

இப்போதுகூடப் பாருங்க, என் வாயைத்தான் பார்க்கிறாள். இந்தா கண்ணு, பிஸ்கட் சாப்பிடு, ஜன்னல்ல குரங்கு வருதா பாரு. நான் இந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன் அக்கா. பாதி புரிந்துகொள்வாள்.

அன்றிலிருந்து நான்தான் கண்டுபிடித்தேன் என்று பேர். பெற்றோர் கூட்டத்தில் கைதட்டினாங்க. பூங்கோதை ஒரு தூக்கு நிறைய முந்திரிப்பருப்பு கொண்டுவந்து வைத்துவிட்டு, காலில் விழவே வந்துட்டாள். "டீச்சர், பெத்தவ எனக்குத் தெரியல, நீங்க கண்டுபிடிச்சீங்க." என் வயசுதான் அவளுக்கும். அவள் புருஷன் கேரளாவில் ரப்பர்த் தோட்டத்தில். ஆஸ்பத்திரிக்கு நீயே கூட்டிப்போ என்று யாரும் என்னைச் சொல்லவில்லை, நானாகத்தான் வந்தேன். அவளுக்கு இங்கே எந்த ரூம் எங்கே என்று தெரியாது, தடுமாறுவாள். அதுதான் காரணம். வேறு என்ன?

இல்லை அக்கா, அது மட்டும் இல்லை. உங்களிடம் சொன்னால் என்ன, நீங்க யாரோ நான் யாரோ. இறங்கிப் போனால் நீங்க ஒரு பஸ், நான் ஒரு பஸ்.

போன வருஷம் கார்த்திகை மாதம் ஒரு பரீட்சை. பேப்பரில் இல்லை, போனில். சின்னப் பிள்ளைகளுக்கு இப்போது அப்படித்தான். ஒவ்வொரு பிள்ளையாக உட்கார வைக்கவேண்டும், போனைக் கையில் கொடுக்கவேண்டும். போன் ஒரு சொல்லைச் சொல்லும், திரையில் நான்கு படம் இருக்கும், பிள்ளை சரியான படத்தைத் தொடவேண்டும். இப்படிக் கேட்கிறதுக்குப் பத்து, படிக்கிறதுக்குப் பத்து, கணக்குக்குப் பத்து. நல்ல ஏற்பாடு அக்கா, அதைக் குறை சொல்லமாட்டேன். பிள்ளைக்கு எது வரும் எது வராது என்று அப்படியே தெரிந்துவிடும்.

ஆனால் ஒரு பிள்ளைக்கு இருபது நிமிஷம் ஆகும். என் வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள் அப்போது. ஹெலன் டீச்சர் போனில் இடமில்லை, என் போன்தான். ஊரில் சிக்னல் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் கிடைக்கும். பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய் வேப்பமரத்தடியில் உட்கார வைத்து ஒன்பது பேருக்கு முடித்தேன். நியாயமாக முடித்தேன். ஒரு பையன் "டீச்சர், இந்தப் பொம்பளை என்ன டீச்சர் மூக்கால பேசுது" என்று போனைக் கேட்கிறான். சிரித்துச் சிரித்து அவனுக்கே அரைமணி நேரம் ஆச்சு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி. அன்றைக்கு என் நாத்தனார் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்தவேண்டும், அந்தத் தாய்மாமன் என் வீட்டுக்காரர். மத்தியானமே வந்து ஆரன் அடிக்கிறார். "ஏய், அங்க ஆசாரி ஊசியோட நிக்கிறாரு, இங்க நீ போனோட நிக்கிற." பதின்மூன்று பிள்ளைகள் பாக்கி. நான் என்ன செய்வேன்?

வண்டியில் பின்னால் உட்கார்ந்தேன். மெயின் ரோடு ஏறியதும் சிக்னல் நாலு கோடும் வந்தது. சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு, பதின்மூன்று பேருக்கும் நானே அமுக்கினேன். போன் "ஆடு" என்று சொல்லும், நான் ஆட்டைத் தொடுவேன். "குடை" என்று சொல்லும், குடையைத் தொடுவேன். முன்னால் இவர் வண்டி ஓட்டிக்கொண்டே, "பரவால்லடி, இந்தத் தடவ ஒன்னாங் கிளாஸ் பாஸ் பண்ணிருவ" என்கிறார். எனக்கும் சிரிப்பு. சிரித்துக்கொண்டேதான் செய்தேன் அக்கா. அதை எதற்கு மறைக்கவேண்டும்?

எல்லாருக்கும் முழு மார்க் போட்டால் சந்தேகம் வரும் இல்லையா. அதனால் யோசித்துத்தான் போட்டேன். வாலுப் பிள்ளைகளுக்கு ஆறு, ஏழு. என் மகனுக்கு ஒன்பதுதான், நாளைக்கு யாரும் ஒன்று சொல்லக் கூடாது பாருங்க. இலக்கியாவுக்கு என்ன போடலாம் என்று யோசிக்கவே இல்லை. போர்டில் எழுதிப் போட்டால் அச்சடித்த மாதிரி எழுதுவாள். பக்கத்தில் இருக்கிற பிள்ளையோடு பேசமாட்டாள், சண்டை போடமாட்டாள். நான் என்ன செய்தாலும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். எவ்வளவு கவனம் பார் இந்தப் பிள்ளைக்கு என்று எனக்கு அவ்வளவு ஆசை. பத்துக்குப் பத்து போட்டேன்.

ஆசையில் போட்டது அக்கா. கெட்ட எண்ணம் கிடையாது.

அந்தப் பரீட்சையில் கேட்கிறதுக்கு நாலுக்குக் கீழே வாங்கிய பிள்ளைகள் பேரை அதுவே தனியாக எடுத்துக் கொடுத்துவிடும். தை மாதம் ஆஸ்பத்திரி வேன் ஒன்று வந்தது, காது பார்க்கிற மெஷினோடு. எங்கள் பள்ளியில் மூன்று பிள்ளைகளைக் கூப்பிட்டாங்க. மூன்றும் மரத்தடியில் நானே உட்கார வைத்துச் சோதித்த பிள்ளைகள். ஒருத்திக்கு அழுக்கு எடுத்தாங்க, ஒருவனுக்குச் சீழ் இருந்தது, மருந்து கொடுத்தாங்க, இன்னொரு பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. இவள் பள்ளி வாசலில் நின்று அந்த வேனை வேடிக்கை பார்த்தாள். நான்தான் "போ, உள்ள போய் எழுது" என்று முதுகில் தட்டி அனுப்பினேன்.

சரி, அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அப்போது எனக்கு எதுவும் தெரியாது, தெரியாமல் செய்தது. உங்களுக்குத் தண்ணீர் வேண்டுமா? இருக்கு, குடிங்க.

மாசி மாதம் பூங்கோதை பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். வேலைக்குப் போகிற வழியில், கொட்டைப்பால் ஒட்டாமல் இருக்கக் கையெல்லாம் சாம்பல் பூசிக்கொண்டு. வாசலுக்கு வெளியிலேயே நின்று, "டீச்சர், இவ கூப்புட்டா திரும்ப மாட்டேங்குறா டீச்சர். ரெண்டு தடவ, மூணு தடவ கூப்புடணும். காது கீது கேக்கலயான்னு எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. நீங்க கொஞ்சம் பாருங்களேன்" என்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? போனை எடுத்தேன். இலக்கியா பேரைத் தட்டி அவள் முகத்துக்கு நேராகக் காட்டினேன். "பாரு பூங்கோதை, கேட்கிறதுல பத்துக்குப் பத்து. எங்க கிளாஸ்லயே இவதான் ஒசத்தி. காதுல ஒன்னும் இல்ல, பிடிவாதம்தான். நீ செல்லம் குடுக்குற."

அதைச் சொல்லும்போது எனக்கு ஞாபகமே இல்லை அக்கா, சத்தியமாக. வண்டியில் உட்கார்ந்து அமுக்கினதும், இந்தப் பத்தும் ஒன்றுதான் என்று தோன்றவே இல்லை. பச்சைக் கலரில் பெரிதாக எழுதியிருந்தது, ஒரு நட்சத்திரம் வேறு சுற்றுது. அதைப் பார்த்ததும் நானே நம்பிட்டேன். அவளுக்கு எவ்வளவு சந்தோஷம். "அப்படியா டீச்சர், பத்தா" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனாள்.

ஞாபகம் இல்லை என்று சொன்னேன் இல்லையா. கொஞ்சம் இருந்தது. நட்சத்திரம் சுற்றும்போது, இது மரத்தடியா, வண்டியா என்று ஒரு நொடி வந்தது. அவள் கிளம்பினால் போதும் என்று இருந்தது, மணி வேறு அடிச்சுட்டாங்க. விட்டுட்டேன்.

இன்றைக்குக் காலையில்தான் எல்லாம்.

முதலில் ஒரு டாக்டரம்மா பார்த்தாங்க, சின்ன வயசு, பொறுமையாகப் பேசினாங்க. பள்ளிக்கூட ரிப்போர்ட் இருக்கா என்றாங்க. ஹெலன் டீச்சர் அச்செடுத்துக் கொடுத்து அனுப்பியிருந்தாங்க, நான் நீட்டினேன். நானேதான் நீட்டினேன். அதைப் பார்த்ததும் டாக்டரம்மா முகம் மாறிப்போச்சு. "போன கார்த்திகையில பத்துக்குப் பத்து கேட்டிருக்கு. அப்ப நல்லாத்தான் இருந்திருக்கு. அப்படின்னா இந்த ஒன்பது மாசத்துலதான் போயிருக்கு. நடுவுல என்ன ஆச்சும்மா? பெரிய காய்ச்சல் வந்துச்சா? கீழ விழுந்தாளா? காதுல அடி கிடி பட்டுச்சா?"

பூங்கோதை பிள்ளையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள். "மாசி மாசத்துல அடிச்சேன்மா. கூப்புடக் கூப்புட வரல, பிடிவாதம்னு கன்னத்துல அறஞ்சேன். காதோட சேத்து விழுந்துச்சு. அன்னிக்கு ராத்திரி முழுக்க காதப் பிடிச்சுக்கிட்டே கெடந்தா."

பிடிவாதம் என்ற சொல் அவளுடையது இல்லை அக்கா. நான் கொடுத்த சொல்.

டாக்டரம்மா எதுவும் திட்டவில்லை. எழுதிக்கொண்டாங்க. அடிபட்டுத் திடீரென்று போயிருந்தால் அதற்கு வேறு வைத்தியம், ஸ்கேன் எடுக்கணும், ஊசி போடணும், பிறவியிலேயே என்றால் மெஷின் வைத்துப் பேச்சுப் பயிற்சி கொடுக்கணும், ஆறு வயசுக்குள் வந்திருந்தால் இன்னும் சுலபம் என்று சொன்னாங்க. பதினாலாம் ரூமில் காதைச் சோதித்துவிட்டு அந்தச் சீட்டோடு திரும்ப வாங்க என்றாங்க. நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. திறந்தேன், "வாங்க, ரூம் மாடியில இருக்கு" என்று சொன்னேன்.

வெளியே வந்ததும் மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். "என் கையாலயே எம்புள்ள காதக் கெடுத்துட்டேன் டீச்சர். அந்த மனுசன் வந்து கேட்டா என்ன சொல்லுவேன்." அழுகிற அம்மாவை இவள் பார்க்கிறாள், ஏன் என்று தெரியாமல் தாவாங்கட்டையைப் பிடித்து நிமிர்த்துகிறாள். நான் முதுகைத் தடவிக் கொடுத்து, "அழாத பூங்கோதை, எல்லாம் சரியாயிரும்" என்றேன். என்ன தைரியம் எனக்கு, பாருங்க.

நான் யோசிக்கிறது என்னவென்றால், உள்ளே இருக்கிற மெஷினே சொல்லிவிடும் இல்லையா? இது பழசு, பிறந்ததிலிருந்தே இருக்கு என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும் இல்லையா? அப்புறம் நான் எதற்குத் தனியாகச் சொல்லவேண்டும்?

காட்டாதா? எவ்வளவு கேட்குது என்பதை மட்டும்தான் காட்டுமா? எப்போதிலிருந்து என்று... ஆமாம். உங்கள் மாமனாருக்கும் அதைத்தான் உங்களைக் கேட்டாங்களா, எத்தனை வருஷமாக என்று. கூட இருக்கிறவங்கதான் சொல்லணுமா.

சொன்னால் என் வேலை போகும். அது போகட்டும், மாடு இருக்கு. அந்த ரிப்போர்ட்டில் ஹெலன் டீச்சர் கையெழுத்துப் போட்டிருக்காங்க அக்கா, அவங்க ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருக்கு. என் வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்று தெரியும், "ஊர்ல எவன் ஒழுங்கா செய்யறான், நீ மட்டும் ஏன் போய்த் தலையக் குடுக்குற" என்பார். மற்ற பதினொரு பிள்ளைகளுடைய அம்மாக்களும் வந்து நிற்பாங்க. அதெல்லாம்கூட வரட்டும். பூங்கோதை என்னை ஒரு பார்வை பார்ப்பாள் இல்லையா, அதற்குத்தான் பயமாக இருக்கு. தூக்கு நிறைய முந்திரிப்பருப்பு அக்கா. உடையாத முழுப் பருப்பாகப் பொறுக்கி எடுத்திருந்தாள். நாங்கள் அதைப் பாயசத்தில் போட்டுச் சாப்பிட்டுவிட்டோம்.

சொல்லாவிட்டால் அந்த ஸ்கேனும் ஊசியும் இந்தப் பிஞ்சுக்குத்தான். அவள் சாகிற வரைக்கும் தன் கையைப் பார்த்துப் பார்த்து அழுவாள். தெரியுது. தெரியாமல் இல்லை. நீங்க ஒன்றும் சொல்லாதீங்க, உங்கள் முகமே சொல்லுது.

அதோ வர்றாள். அழுது முகம் வீங்கியிருக்கு பாருங்க. ஏறிவரும்போதே சிரிக்கிறாள் என்னைப் பார்த்து.

வா பூங்கோதை. ரேகை விழுந்துச்சா? சரி, எப்படியோ முடிஞ்சுதுல்ல. உக்காரு. இல்ல, தண்ணி அப்புறம் குடிக்கலாம், முதல்ல உக்காரு. இந்த அக்கா இருக்கட்டும், பரவால்ல. பூங்கோதை, நீ அடிச்சதுனால போகல. உன் கையினால இல்ல. அடிக்கிறதுக்கு முன்னாடியே அவளுக்குக் கேக்கல, எப்பவுமே கேட்டிருக்காது. நீ சந்தேகப்பட்டு வந்தே பாரு, அதுதான் சரி. எனக்கு எப்படித் தெரியும்ங்கிறியா? அந்தப் பத்து, உனக்குப் போன்ல காட்டினேனே, அது அவ தொட்டது இல்ல. அவ கையில நான் போனையே குடுக்கல. வண்டியில போறப்ப நானே அமுக்கினேன்.

ஆமா. பத்தும் நான்தான்.

என்னைப் பாரு பூங்கோதை. ஏதாவது சொல்லு. ரெண்டு அறை வேணும்னாலும் அறைஞ்சிரு.

பிள்ளைய ஏன் அந்தப் பக்கம் தூக்கி வச்சுக்கிறே... சரி. சரி, நான் தள்ளி உக்காந்துக்கிறேன்.

கூப்பிடறாங்க. இலக்கியா, இலக்கியாதான் சிஸ்டர், இதோ வர்றோம். கூட ஒருத்தர்தான் வரணுமா? அம்மா வர்றாங்க சிஸ்டர். நான் இங்கயே...

என்ன சொன்னே? சோதிச்ச பிறகு டாக்டர்கிட்டயா? வர்றேன். நானே சொல்றேன், வாயால மட்டும் இல்ல, எழுதியே குடுக்கறேன். "நீ சொல்லித்தான் ஆகணும்"னு நீ சொல்லவே வேணாம் பூங்கோதை, நான் எங்கயும் ஓடிப்போகல. இந்தக் கதவு முன்னாடியே நிக்கிறேன். போ, பிள்ளைய உள்ள கூட்டிட்டுப் போ.

சாத்திட்டாங்க.

பேனா இருக்கா அக்கா உங்களிடம்? தாள் வேண்டாம், இந்த ரிப்போர்ட்டின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கு. பதின்மூன்று பேர். ஒவ்வொரு பேராக ஞாபகப்படுத்தி எழுதவேண்டும். என் மகன் பேரையும் சேர்த்துத்தான்.